கத்தி எடுக்கும் முன் ஒரு சொல்

சத்திரசிகிச்சையும் நோயாளரின் அறிவும் - குடும்பமாகவும் குழுவாகவும் கற்பதற்கான பாடம்

"ஒப்பரேசன் செய்ய வேண்டும்" என்று டொக்டர் சொன்னதும் பலருடைய காதில் அதற்குப் பிறகு ஒன்றும் விழுவதில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வருகிறோம். படிவத்தில் கையொப்பம் வைக்கிறோம். என்ன நோய், எந்த இடத்தில் வெட்டுவார்கள், எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று வீட்டில் கேட்டால் விடை தெரியாது. சிலர் இந்தப் பயத்திலேயே வாட்டை விட்டு ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூடுதலானது. பழகிய வைத்தியசாலையும் அறிந்த டொக்டரும் அங்கே விட்டுப் போயிருக்கும். கூலி வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பாதிக்கும். ஆகவே இந்தப் பாடத்தில் ஒரேயொரு விடயத்தைத் தெளிவாகக் கற்போம். நோயாளருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படும் விளக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அது கிடைக்காவிட்டால் கேட்டுப் பெற வேண்டும்.

மானிப்பாயில் நடந்த வேலை

இது நமது மண்ணுக்குப் புதிய கருத்து அல்ல. 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. மானிப்பாயில் மருந்து கொடுக்கும் நிலையத்தை நடத்தியதோடு, நம்மவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளியிடங்களுக்கும் போய்விட்டனர். கிராமத்து நோயாளர் பழையபடி தனித்தே இருந்தனர். கிறீன் இதைக் கண்டார். தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான், ஊரவருக்கு விளங்கும்படி பேசுவான் என்பது அவருடைய எண்ணம். இடையில் தாயகம் போய் 1862இல் திரும்பி வந்தவர், 1864 முதல் வைத்திய வகுப்பைத் தமிழில் நடத்தினார்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. அவரும் அவருடைய மாணவர்களும் தமிழறிஞர்களும் சேர்ந்து ஆங்கில வைத்திய நூல்களை மொழிபெயர்த்தனர். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. பிரசவ வைத்தியம், இரசாயனம், மருந்துப் பொருட்கள் ஆகியவற்றுக்கும் நூல்கள் ஆக்கப்பட்டன. ஒரு கலைச்சொல் தேவைப்பட்டால் முதலில் தமிழில் தேடினர். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடினர். அங்கும் கிடைக்காவிட்டால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினர்.

1873இல் அவர் நிரந்தரமாக யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். 1884இல் காலமானார். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட நம்மவர்கள் அவரிடம் வைத்தியம் கற்றிருந்தனர். அவர் பணி செய்த மானிப்பாய் வைத்தியசாலை பின்னர் கிறீன் நினைவு வைத்தியசாலை எனப் பெயர் பெற்றது.

இன்று வைத்தியப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. உலகெங்கும் வெளிவரும் புதிய அறிவைப் பெற அது தேவை. ஆனால் கட்டிலில் கிடப்பவர் தமிழில்தான் நோகிறது என்கிறார், தமிழில்தான் பயப்படுகிறார். புத்தகத்தின் மொழிக்கும் கட்டிலின் மொழிக்கும் இடையே யாராவது பாலம் போட வேண்டும். அந்தப் பாலத்தின் ஒரு கரையில் நாமும் நிற்கிறோம்.

ஒரே வைத்தியசாலை, இரண்டு பாடங்கள்

கிறீன் பிறந்த மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் தலைநகரம் பொஸ்ரன். அங்குள்ள பெரிய வைத்தியசாலையில் 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் திகதி முக்கியமான ஒரு காரியம் நடந்தது. கழுத்தில் கட்டி இருந்த ஒருவருக்கு ஈதர் என்னும் மருந்தின் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர் மயங்கியிருக்கும்போது சத்திரசிகிச்சை செய்து காட்டினர். அதற்கு முன் நோயாளரை நாலைந்து பேர் பிடித்துக்கொள்ள, அவர் அலறிக்கொண்டிருக்கவே வெட்ட வேண்டியிருந்தது. ஆகையால் எவ்வளவு விரைவாக வெட்டுகிறார் என்பதே சத்திரவைத்தியரின் திறமையாகக் கருதப்பட்டது. மயக்க மருந்து வந்த பிறகுதான் ஆறுதலாக, நிதானமாக, உடலின் உள்ளே வேலை செய்ய முடிந்தது.

அதே வைத்தியசாலையில் 118 ஆண்டுகளுக்குப் பின்னர், 1964இல், இன்னொரு ஆய்வு வெளியானது. வயிற்றில் சத்திரசிகிச்சை செய்யவிருந்த 97 நோயாளரை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தது. மற்றப் பிரிவினரிடம் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் முதல் நாளே போய், சிகிச்சைக்குப் பிறகு எங்கே நோகும், எவ்வளவு காலம் நோகும், அது ஏன் என்று விளக்கினார். ஆழமாக மூச்செடுப்பது எப்படி, வயிற்றுத் தசையைத் தளர்த்துவது எப்படி, கட்டிலில் புரண்டு படுப்பது எப்படி என்றும் பழக்கினார்.

விளக்கம் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட நோக்கொல்லி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாக வீட்டுக்கும் போயினர். புதிய மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டது விளக்கமும் பயிற்சியும் மாத்திரமே.

1846இன் பாடம், மருந்து நோவை அடக்கும் என்பது. 1964இன் பாடம், முன்கூட்டிச் சொல்லப்பட்ட சொல்லும் நோவைக் குறைக்கும் என்பது. தெரியாத நோவுக்குப் பயம் சேரும். பயந்த உடம்பு இறுகும், இறுகிய தசை இன்னும் நோகும். "இது வரும், இத்தனை நாளில் தணியும்" என்று தெரிந்திருந்தால் அந்தச் சுற்று அறுபடுகிறது.

ஒரு தோட்டக்காரரை எடுத்துக்கொள்வோம்

ஐம்பது வயதுத் தோட்டக்காரர் ஒருவரை உதாரணமாக வைப்போம். உரமூட்டை தூக்குவார், இறைப்பு மெசினைச் சுமப்பார், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். அவருடைய கவட்டில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகிறது, எழுந்தால் வெளியே வருகிறது. டொக்டர் இதைக் குடலிறக்கம் என்கிறார். வயிற்றுச் சுவரில் பலம் குறைந்த ஓரிடத்தால் குடலின் ஒரு பகுதி வெளித்தள்ளுகிறது. அதை உள்ளே தள்ளி, அந்த இடத்தைத் தைத்தோ மெல்லிய வலை வைத்தோ பலப்படுத்துவதே சத்திரசிகிச்சை.

இவருக்கு ஒன்றும் விளக்கப்படாவிட்டால் என்ன நடக்கும்? "நோவில்லைத்தானே, அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவார். ஒரு நாள் வீக்கம் உள்ளே போகாமல் இறுகிவிடும். நோவும் வாந்தியும் தொடங்கும். குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. குறித்த நாளில் சாதாரணமாகச் செய்திருக்க வேண்டிய சிகிச்சை, நள்ளிரவில் அவசர சிகிச்சையாகிவிடும். வீக்கம் உள்ளே போகாமல் நோவும் வாந்தியும் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகன வசதி இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இவர் டொக்டரிடமோ மிஸ்ஸியிடமோ கேட்க வேண்டிய கேள்விகள் ஏழு:

1. எனக்கு என்ன நோய்? உடம்பின் எந்த இடத்தில்?
2. சத்திரசிகிச்சையில் என்ன செய்வீர்கள்?
3. செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? வேறு வழி உண்டா?
4. இதில் வரக்கூடிய ஆபத்துக்கள் எவை?
5. முழு மயக்கமா, முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்வதா?
6. எத்தனை நாள் வாட்டில் நிற்க வேண்டும்? எப்போது மண்வெட்டி பிடிக்கலாம், பாரம் தூக்கலாம்?
7. வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும்?

இவற்றை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போகலாம். எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவதும் நல்லது. விளக்கம் கேட்டபின் ஒரு வேலை பாக்கி உண்டு. கேட்டதை நமது சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். "டொக்டர், நான் விளங்கினதைச் சொல்லிப் பார்க்கட்டோ?" என்று கேட்டால் போதும். பிழையாக விளங்கியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தப்படும்.

கையொப்பம் வைக்கும் படிவம் வேறு மொழியில் இருந்தால், தமிழில் வாசித்து விளக்கும்படி கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. விளக்கம் கேட்பது டொக்டரை அவமதிப்பதாகாது. விளங்காமல் வைக்கும் கையொப்பம் அவருக்கும் நன்மை தராது.

வெறும் வயிறு ஏன்?

"நேற்று இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது" என்பார்கள். இதன் காரணம் சொல்லப்படாததால் சிலர் விடியற்காலையில் ஒளித்துத் தேத்தண்ணி குடிக்கிறார்கள். பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் சாப்பாடுதான். மயக்கத்தில் இருக்கும்போது தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் சுவாசப்பை பழுதாகும், உயிரும் போகலாம். பொதுவாகத் திண்ம உணவை 6 மணித்தியாலம் முன்னரும், வெறும் தண்ணீரை 2 மணித்தியாலம் முன்னரும் நிறுத்துவர். வாட்டில் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். தவறிச் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை ஒரு நாள் பிந்தலாம், ஆனால் உயிர் தப்பும்.

சலரோகம், பிரஷர், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை, நாட்டு மருந்து எதுவானாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சுருட்டு, சிகரட் பழக்கம் உள்ளவர்கள் திகதி குறித்த நாளிலிருந்தே நிறுத்துவது சுவாசப்பைக்கும் காயம் ஆறுவதற்கும் நல்லது.

தியேட்டருக்குக் கொண்டு போகும்போது "உங்கள் பெயர் என்ன? எந்தப் பக்கம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இவர்களுக்கு ஒன்றும் தெரியாதோ என்று எண்ணவேண்டாம். அது பாதுகாப்பு முறை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்குவதற்கு முன், தோலை வெட்டுவதற்கு முன், தியேட்டரை விட்டு வெளியேறுவதற்கு முன் என மூன்று தடவை அனைவரும் நின்று சரிபார்க்க வேண்டும். எட்டு நாடுகளின் எட்டு நகரங்களில் இதைப் பரீட்சித்தபோது, நூறு பேரில் 11 பேருக்கு வந்த பெரிய சிக்கல்கள் 7 பேராகக் குறைந்தன. ஆயிரம் பேரில் 15 ஆக இருந்த மரணம் 8 ஆகக் குறைந்தது. இங்கும் பயன்பட்டது வாயால் கேட்டு உறுதிசெய்யும் சொல்லே. ஆகவே எத்தனை தரம் கேட்டாலும் தெளிவாக விடை சொல்லுங்கள்.

நோவைச் சொல்லப் பழகுவோம்

சத்திரசிகிச்சைக்குப் பின் நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வயிறு நோகிறவர் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், இரும மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். அதனால் சுவாசப்பையில் சளி தங்கிக் காய்ச்சல் வரலாம். கால் நரம்பில் இரத்தம் உறையலாம். ஆகையால் நோவைச் சொல்வது நமது கடமை.

எப்படிச் சொல்வது? நமது பேச்சில் இதற்கு நல்ல சொற்கள் உண்டு. குத்துகிறது, உளைகிறது, எரிகிறது, கடுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, விறைக்கிறது. ஒவ்வொன்றும் டொக்டருக்கு ஒவ்வொரு செய்தி. உளைவுக்கும் எரிவுக்கும் மருந்து வேறாகலாம். ஒரு கவனம்: யாழ்ப்பாணத்தில் நாம் 'வலி' என்று சொல்வது பெரும்பாலும் வலிப்பையே. வேறிடத்திலிருந்து வந்த டொக்டர் அதை நோவு என்று எடுக்கக்கூடும். சந்தேகம் வந்தால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். நோவே இல்லை என்பது 0, தாங்கவே முடியாதது 10 என்று வைத்து இலக்கத்திலும் சொல்லலாம். காலையில் 7, மருந்துக்குப் பின் 3 என்றால் மருந்து வேலை செய்கிறது என்று மிஸ்ஸிக்கு உடனே விளங்கும்.

இருமும்போது தலையணையை அல்லது மடித்த துவாயை காயத்தின் மேல் அழுத்திப் பிடியுங்கள். எழும்போது ஒருபக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்புங்கள். இவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முதல் நாளே பழகுங்கள். நொந்த பிறகு பழகுவது கடினம்.

வீட்டுக்குப் போனபின் காய்ச்சல், காயத்தில் சிவப்பு, வீக்கம், சீழ், நாளுக்கு நாள் கூடும் நோவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். காயத்தில் சாம்பல், மஞ்சள், இலைச்சாறு எதுவும் பூசவேண்டாம். தொடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

பயிலும் டொக்டர்மாரும் நாமும்

போதனா வைத்தியசாலையில் மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பதைக் கண்டு, "எங்களை வைத்துப் பழகுகிறார்கள்" என்று சிலர் மனம் நோகிறார்கள். சத்திரசிகிச்சை எப்படிக் கற்கப்படுகிறது என்று அறிந்தால் இந்தப் பயம் குறையும். முதலில் முடிச்சுப் போடவும் தைக்கவும் நூலிலும் மாதிரிகளிலும் பழகுவர். பின்னர் தியேட்டரில் நின்று பார்ப்பர். அதன்பின் மூத்தவருக்கு உதவி செய்வர். பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்கச் சிறு வேலைகளைத் தாம் செய்வர். பல ஆண்டுகளின் பின்னரே தனித்துச் செய்வர். மேசன் வேலை பழகுபவன் முதல் நாளே கூரைக்கு ஏறுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

எங்கள் குடாநாட்டில் போர்க்காலத்தில் சத்திரவைத்தியர் பற்றாக்குறையால் பட்ட துன்பத்தை மூத்தவர்கள் மறக்கவில்லை. இன்று ஒருவர் பழகினால்தான் நாளை நம் பிள்ளைக்கு டொக்டர் இருப்பார். ஆயினும் நமக்கு உரிமைகளும் உண்டு. யார் சோதிக்கப் போகிறார், யார் சிகிச்சை செய்யப் போகிறார் என்று கேட்கலாம். திரை மறைப்புக் கேட்கலாம். பெண்கள் சோதிக்கப்படும்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கக் கேட்கலாம். மாணவர் சோதிப்பதை விரும்பாவிட்டால் மரியாதையாக மறுக்கலாம். அதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக்கூடாது.

சம்மதித்தால் அந்த மாணவருக்கு நாமும் ஓர் ஆசிரியர். "தம்பி, எனக்கு விளங்கேல்லை, தமிழில் சொல்லுங்கோ" என்று ஒரு நோயாளர் அன்பாகக் கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடத்தை அவர் அங்கே கற்கிறார். கிறீன் புத்தகம் எழுதிச் செய்த வேலையை நாம் கட்டிலில் இருந்தே செய்யலாம்.

இடம்பெயர்ந்தோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

1990இல் வலிகாமம் வடக்கை விட்டும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதையும் விட்டும் சனங்கள் வெளியேறியபோது, பலருடைய மருத்துவப் பதிவுகளும் அங்கேயே போயின. பழைய நோயையும் பழைய சிகிச்சையையும் பற்றிப் புதிய டொக்டருக்குச் சொல்ல ஆதாரம் இருக்கவில்லை. இதிலிருந்து சில பழக்கங்களைக் கைக்கொள்வோம்.

வைத்தியசாலையை விட்டு வரும்போது தரும் நோய் நிர்ணய அட்டையை எறிய வேண்டாம். கிளினிக் கொப்பியோடு பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும் இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள்.

ஒவ்வாத மருந்து ஏதும் இருந்தால் அதன் பெயரை எழுதி அதே பையில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பில் செல் துண்டோ குண்டுச் சன்னமோ தங்கியிருந்தால், எத்தனை ஆண்டு ஆனாலும் டொக்டரிடம் சொல்லுங்கள். குறிப்பாக எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பலமான காந்தம். இரும்புத் துண்டு அசைந்து கண்ணையோ நரம்பையோ கெடுக்கக்கூடும்.

இருப்பிடம் மாறினால் கிளினிக்கில் புதிய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். சத்திரசிகிச்சைத் திகதி வரும் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால் நமது முறை தவறிவிடும்.

காணியை இழந்தவருக்கு உழைக்கும் உடம்பே மிஞ்சிய முதல். அந்த உடம்பில் கத்தி வைக்கச் சம்மதிக்கும் முன், ஏன், எங்கே, எப்படி என்று கேட்பது நியாயம். கேட்டறிந்த நோயாளர் பயம் குறைந்து வருகிறார், நோவைத் தெளிவாகச் சொல்கிறார், விரைவில் எழுந்து நடக்கிறார். அவரைப் பார்க்கும் டொக்டருக்கும் வேலை இலகுவாகிறது.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது ஊரில் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒருவர் இருந்தால், அவருடைய பயம் எதைப் பற்றியது? அதைத் தீர்க்க யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

2. மேலே தந்த ஏழு கேள்விகளில் உங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமானது எது? எட்டாவதாக எதைச் சேர்ப்பீர்கள்?

3. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் டொக்டராகவும் மற்றவர் நோயாளராகவும் இருந்து, விளக்கத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள்.

4. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் மருத்துவப் பை ஒன்றைத் தயார் செய்யுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அயலவருக்கு யார் உதவுவது என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள்.